குளியலறை ஜன்னல் குடித்த மருந்து

எங்கள் குளியலறை ஜன்னலுக்கு இனி ஆயுளுக்கும் ஆஸ்துமா வராது. ஏறக்குறைய மூன்று மாதம், காலையில் இரண்டு, இரவில் இரண்டு என்று என் மருந்தை முழுக்க அதுதான் வாங்கிக்கொண்டது. கதவைத் தாழிட்டு, இன்ஹேலரைக் குலுக்கி, ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டி அமுக்குவேன். பிறகு வாய் கொப்பளிப்பேன். மருந்து வாய்க்குள்ளேயே போகாதபோது எதற்குக் கொப்பளிப்பு என்று கேட்கலாம். அந்தச் சத்தம் வெளியே கேட்க வேண்டும். என் மனைவி கோமதி அதையும் கவனிப்பாள்.

இதே காரியத்தை வேறு வீடுகளில் வேறு யாராவது செய்துகொண்டிருக்கலாம். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கையில் இருக்கும் இன்ஹேலரைக் கீழே வைக்காமல் படிக்கவும்.

எனக்கு வயது ஐம்பத்திரண்டு. திருச்சியில் ஒரு கல்லூரியில் நூலகர். வீடு ஸ்ரீரங்கத்தில், இரண்டாவது மாடி. சிறு பத்திரிகைகளில் நகைச்சுவை என்ற பெயரில் ஏதோ எழுதுவேன். சிரித்தவர்கள் இதுவரை நேரில் வந்து சொன்னதில்லை. கோமதி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இந்த இரண்டு உத்தியோகங்களும் சேர்ந்துதான் என்னைத் தீவிர சிகிச்சைப் பிரிவுவரை கொண்டுபோய்விட்டன.

போன வருடம் இருமல் வந்தது, போகவில்லை. தில்லைநகர்ப் பக்கம் ஒரு மருத்துவமனையில் நுரையீரல் டாக்டர் நசீமாவிடம் போனோம். ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார்கள். எவ்வளவு காற்றை எவ்வளவு வேகத்தில் வெளியே தள்ள முடிகிறது என்று பார்க்கும் சோதனை அது. "ஊதுங்க, ஊதுங்க, நிறுத்தாதீங்க, இன்னும், இன்னும்!" என்று ஸ்டெல்லா சிஸ்டர் விரட்டிய விரட்டில், கல்யாண வீட்டு நாகஸ்வரக்காரரைக்கூட யாரும் அப்படி வேலை வாங்கியிருக்க மாட்டார்கள். முடிவு ஆஸ்துமா. சுவாசக் குழாயின் உள்பக்கம் வீங்கியிருக்கிறது. அந்த வீக்கத்தால் குழாய் எதற்கெடுத்தாலும் கோபித்துக்கொண்டு இறுகிவிடுகிறது.

இரண்டு இன்ஹேலர் கொடுத்தார். நீல நிறம் ஆபத்துக்கு. அரக்கு நிறம் தினமும், வீக்கத்தை அடக்க. அரக்கு நிறத்தின் முதுகில் ஒரு குட்டி எண் பலகை. நூற்றிருபதில் தொடங்கி, ஒவ்வொரு அமுக்கலுக்கும் ஒன்று குறையும். கோமதிக்கு அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அதைக் கையில் வாங்கிப் பார்ப்பாள். "இன்னிக்கு எழுபத்தாறு இருக்கணும். இருக்கு" என்பாள். எங்கள் தாம்பத்தியத்தில் இத்தனை ஒழுங்காகச் சரிபார்க்கப்பட்ட விஷயம் வேறு இல்லை.

ஆறு மாதம் ஒழுங்காகத்தான் எடுத்தேன். இருமல் போயிற்று, மூச்சு சீரானது. உடம்பு சரியானதும் படிக்க ஆரம்பித்தேன். அரக்கு நிறத்தோடு வந்த காகிதத்தில் ஸ்டீராய்டு என்ற சொல் இருந்தது. இன்ஹேலர் பழகிவிடும், விட முடியாது என்று பயப்படுகிறவர்களை அதுவரை எத்தனையோ முறை கிண்டல் செய்திருக்கிறேன். எனக்கும் அதே பயம்தான் வந்தது. ஆனால் படித்தவன் இல்லையா? பயத்துக்கு ஒரு ஆய்வுக் கட்டுரையின் துணை தேவைப்பட்டது. கல்லூரிக் கணினியில் தேடினேன். கிடைத்தது.

அமினோ அமிலம் என்பது புரதத்தின் செங்கல். பருப்போ முட்டையோ வேர்க்கடலையோ, எதைத் தின்றாலும் உடம்பு அதை இந்தச் செங்கற்களாக உடைத்து, தனக்கு வேண்டியதைக் கட்டிக்கொள்கிறது. அவற்றில் அர்ஜினின் என்று ஒன்று. சுவாசக் குழாயில் அது முக்கொம்பு அணையில் காவிரி பிரிவது மாதிரி இரண்டாகப் பிரிகிறது. ஒரு நொதி அதை நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவாக மாற்றும். அந்த வாயு குழாயைத் தளர்த்தும். அர்ஜினேஸ் என்ற இன்னொரு நொதி அதே அர்ஜினினை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய், குழாயின் சுவரைத் தடிக்க வைக்கும் சரக்காக மாற்றும். ஆஸ்துமாக்காரர்களிடம் இந்த இரண்டாவது ஆளுக்குக் கை ஓங்கியிருக்கிறது. அதனால் முதல் ஆளுக்குச் சரக்குப் போதவில்லை.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒரு பக்கத்துக்குத் தண்ணீர் போதவில்லை என்றால் மேலே இருந்து கூடுதலாகத் திறந்துவிட வேண்டியதுதானே? கட்டுரையின் முதல் பக்கத்துச் சுருக்கத்தை மட்டும்தான் படித்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நூலகர்கள் பொதுவாக உள்ளே போவதில்லை; அது வாசகர்களின் வேலை.

உடற்பயிற்சிக்காரர்களுக்குச் சத்துமாவு விற்கும் கடையில் அர்ஜினின் பொடி கிடைத்தது. டப்பாவில் சட்டையில்லாத ஒருவர், கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தோளோடு நின்றார். கடைக்காரர் என் தொந்தியைப் பார்த்தார்.

"உங்களுக்கா சார்?"

"அண்ணன் பையனுக்கு" என்றேன். எனக்கு அண்ணன் கிடையாது.

டப்பாவை நூலகத்து மேஜை இழுப்பறையில் பூட்டி வைத்தேன். தினமும் இரண்டு கரண்டி, தண்ணீரில். அரக்கு நிறத்தை நிறுத்தினேன். கோமதியின் ஞாயிற்றுக்கிழமை இருந்ததால் எண் குறைந்தாக வேண்டும். குறைந்தது.

முதல் மூன்று வாரம் ஒன்றும் ஆகவில்லை. அர்ஜினின் வேலை செய்கிறது என்று நினைத்தேன். ஆறு மாதம் ஒழுங்காக எடுத்த மருந்தின் மிச்சத்தில்தான் வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது என்று தோன்றவில்லை. பிறகு மாடிப்படி நீளமானது. நீல நிறத்தை வாரம் ஒருமுறை எடுத்தேன், பிறகு தினமும், பிறகு கணக்கு வைக்கவில்லை. நீலத்தின் முதுகில் எண் பலகை இல்லை.

மார்கழியில், அரையாண்டு விடுமுறை நாள் ஒன்றில், காலை பத்து மணிக்கு, செய்தித்தாளை எடுக்கக் குனிந்தவன் நிமிரவில்லை. காற்று உள்ளே போகிறது, வெளியே வர மறுக்கிறது. ஆஸ்துமா என்றால் மூச்சை இழுக்க முடியாது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். விடுவதுதான் கஷ்டம். நெஞ்சு ஏற்கெனவே நிறைந்திருக்க, அதன்மேல் இன்னொரு மூச்சை அடைக்க வேண்டியிருந்தது. நீலத்தை ஆறு முறை எடுத்தேன். கோமதி என் உதட்டைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் கைப்பையை எடுத்தாள், செருப்பைப் போட்டாள், ஆட்டோவை அழைத்தாள்.

ஊரே கோயிலுக்கு வந்துகொண்டிருந்த நாள். காவிரிப் பாலத்தில் வண்டிகள் நின்றன.

"ஏம்மா, ஐயாவால இறங்கி நடக்க முடியுமா? பாலம் தாண்டிட்டா வேற வண்டி புடிச்சிரலாம்" என்றார் ஆட்டோக்காரர்.

"அவரால உக்காரவே முடியலைங்க."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அப்புறம் ஹாரனில் கை வைத்தவர் எடுக்கவில்லை. கோமதி என் முதுகில் ஒரு கையை வைத்திருந்தாள். அந்தக் கை நடுங்கவில்லை என்பதை வைத்துத்தான் நான் சாகவில்லை என்று தெரிந்துகொண்டேன். பாலத்தின் நடுவில் அதுவும் நடுங்கத் தொடங்கியது.

அவசரப் பிரிவில் ஸ்டெல்லா சிஸ்டர் விரலில் கிளிப்பை மாட்டினார். ரத்தத்தில் ஆக்சிஜன் தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டும். எண்பத்தேழு.

"ஐயா, உங்க பேரு, ஊரு, என்ன வேலை, எல்லாத்தையும் ஒரே மூச்சுல சொல்லுங்க பாப்போம்."

ஒரு வாக்கியத்தை முடிக்க முடிகிறதா என்பதே ஒரு சோதனையாம். நீள நீள வாக்கியம் எழுதி வாசகரை மூச்சுத் திணற வைத்தவன் நான். எனக்கு இரண்டு சொல்லுக்கு மேல் வரவில்லை.

முகமூடி, அதற்குள் புகையாக வரும் மருந்து, கையில் ஊசி, ஊசி வழியே ஸ்டீராய்டு. எதைக் கண்டு ஓடினேனோ அது ரத்தநாளத்துக்குள்ளேயே வந்து சேர்ந்தது. மணிக்கட்டில் நாடி துடிக்கும் இடத்தில் ஊசியைச் செருகி ரத்தம் எடுத்தார்கள். பொதுவாக வலியைப் பற்றி வேடிக்கையாக எழுதுவேன். அதைப் பற்றி எழுதப்போவதில்லை.

டாக்டர் நசீமா அந்த ரத்த அறிக்கையோடு வந்து கோமதியிடம் பேசினார். திரையைப் பாதிதான் இழுத்திருந்தார்கள்.

"மேடம், மூச்சு இரைக்கறவங்க வேகவேகமா ஊதித் தள்றதால கார்பன் டை ஆக்சைடு குறைவா இருக்கணும். இவருக்கு நார்மலா இருக்கு."

"நார்மல்னா நல்லதுதானே டாக்டர்?"

"இவருக்கு நல்லதில்ல. மூச்சு விடற தசையெல்லாம் களைச்சுப்போகுதுன்னு அர்த்தம். ஒரு மணி நேரத்துல திரும்ப எடுப்போம். ஏறியிருந்தா தொண்டையில குழாய் போட்டு மெஷின்ல வைக்கணும்."

அந்த ஒரு மணி நேரத்தில்தான் டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டார். "தினமும் எடுக்கற இன்ஹேலரை ஒழுங்கா எடுத்தாரா?"

கோமதி கைப்பையைத் திறந்தாள். ஆட்டோவுக்கு ஓடிய ஓட்டத்திலும் அதை எடுத்து வந்திருக்கிறாள். "ஒரு வேளை விட்டதில்ல டாக்டர். பாருங்க, முப்பத்தாறு. நேத்து ராத்திரி கணக்குப்படி முப்பத்தாறுதான் இருக்கணும்."

டாக்டர் எண்ணைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "விடாம எடுத்தீங்களா சார்?"

தலையை ஆட்டினேன். பேச முடியாது, முகமூடி இருக்கிறது என்று பிற்பாடு எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பக்கவாட்டிலும் தலையை ஆட்டியிருக்கலாம். அதற்கும் அதே அளவு ஆக்சிஜன்தான் ஆகும்.

கோமதியின் தம்பி செல்வம் அரியமங்கலத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறான். கையில் கிரீஸோடு வந்து நின்றான். "மாமா, ஒண்ணுமில்ல. நம்ம கம்ப்ரசர் மாதிரிதான். ஃபில்டர் அடைச்சிருக்கு. ஊதி எடுத்துருவாங்க" என்றான். சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டான்.

இரண்டாவது ரத்தத்தில் அளவு இறங்கியிருந்தது. குழாய் வேண்டாம். கோமதி நாற்காலியில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து அப்போதுதான் உட்காருகிறாள் என்று கவனித்தேன்.

இரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு. மூன்றாம் நாள் வார்டுக்கு மாற்றி, புதிதாக ஒரு கருவியில் ஊதச் சொன்னார்கள். இதில் விரட்டல் இல்லை; மெதுவாக, ஒரே சீராக ஊத வேண்டும். நாம் விடும் மூச்சில் நைட்ரிக் ஆக்சைடு எவ்வளவு என்று அளக்கிறது. என் அர்ஜினின், என் வாயு! அந்தக் களைப்பிலும் எனக்கு ஒரு பெருமை எட்டிப்பார்த்தது. எண் எழுபதைத் தாண்டியது.

"ரொம்ப அதிகம்" என்றார் டாக்டர்.

அதிகமாக இருந்தால் நல்லதில்லையா என்று கேட்க வாய் திறந்தேன். அவர் கோமதியிடம் திரும்பிவிட்டார்.

"மேடம், வீக்கம் இருந்தா இந்த அளவு ஏறும். இன்ஹேலர் ஒழுங்கா எடுத்தா இறங்கணும். நீங்க ஒரு வேளை விடாம கொடுத்திருக்கீங்க, இங்க மூணு நாளா ஊசியும் போட்டிருக்கோம். அப்படியும் இவ்வளவு இருந்தா இது சாதாரண ஆஸ்துமா இல்ல. மருந்துக்குக் கட்டுப்படாத வகை. வேற ஊசி ஒண்ணு இருக்கு, தொடர்ந்து போடணும். அதோட தினமும் ஸ்டீராய்டு மாத்திரை."

"எவ்வளவு நாளைக்கு டாக்டர்?"

"வருஷக்கணக்குல. ஊசி விலை ஜாஸ்தி, அதையும் சொல்லிடறேன்."

"செலவைப் பத்தி நீங்க யோசிக்காதீங்க" என்றாள் கோமதி. வாசலில் நின்ற செல்வம், "பட்டறைக்குப் புது மிஷின் அடுத்த வருஷம் பாத்துக்கலாம்க்கா" என்றான்.

மறுநாள் மதியம் ஒப்புதல் படிவம் வரும் என்றார்கள். கையெழுத்து, முதல் ஊசி, பிறகு வீடு. இன்ஹேலரில் வரும் துளியூண்டு ஸ்டீராய்டுக்குப் பயந்தவன், வருடக்கணக்கில் மாத்திரையாக முழுங்கப்போகிறேன். எனக்கு இல்லாத ஒரு வியாதிக்கு, என் மச்சான் வாங்காத இயந்திரத்தின் காசில் ஊசி. இது எல்லாவற்றுக்கும் ஆதாரம் கோமதியின் கைப்பையில் இருந்த முப்பத்தாறு. சொல்லிவிடலாம். சொன்னால் என்ன ஆகும்? ஊசி நிற்கும். அதற்கப்புறம் என்ன நிற்கும், என்ன விழும் என்றுதான் தெரியவில்லை. இருபத்தாறு வருடத்தில் நான் எவ்வளவோ பொய் சொல்லியிருக்கிறேன். அவள் எண்ணிப்பார்த்து நம்பியது இது ஒன்றைத்தான்.

மறுநாள் சாப்பாட்டுக்குப் பின் கோமதி என் ஃபைலின் பின்பக்கத்தில் பென்சிலால் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

"என்ன எழுதற?"

"எங்க தப்பு விட்டேன்னு பாக்கறேன்."

"நீயா?"

"மருந்துக் கணக்கு சரியா இருக்குங்க. அப்ப வேற என்னமோ இருக்கணும்ல. தலகாணி உறை வாரா வாரம் மாத்தினேன். பூனைய உள்ள விடல. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டேன். அதான்னு நினைக்கிறேன்." பென்சிலை நிறுத்தினாள். "மூணு மாசமா நான்தான் வாரா வாரம் உங்களுக்கு வியாதிய ஏத்திக்கிட்டு இருந்திருக்கேன்."

அவள் பட்டியலில் சாம்பிராணிக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தாள்.

அந்த நேரம் டாக்டர் படிவத்தோடு வந்தார். பின்னால் ஸ்டெல்லா சிஸ்டர்.

"கோமதி, கேன்டீன்ல ஒரு காபி வாங்கிட்டு வரியா?"

"டாக்டர் பேசிட்டுப் போகட்டும்."

"இல்ல, இப்பவே."

"காபி எங்கயும் ஓடிடாதுங்க."

நெஞ்சு மறுபடி நிறைந்தது. இது ஆஸ்துமா இல்லை.

"டாக்டர், நான் அந்த இன்ஹேலரை எடுக்கல" என்றேன்.

"எத்தனை வேளை விட்டீங்க?"

"எல்லா வேளையும். மூணு மாசமா."

"நம்பர் குறைஞ்சிருக்கே சார்?"

"ஜன்னலுக்கு வெளிய அடிச்சேன்."

ஸ்டெல்லா சிஸ்டர் "கர்த்தாவே" என்றார். நான் அர்ஜினினையும் முக்கொம்பையும் டப்பாவையும் பற்றிச் சொல்லிக்கொண்டே போனேன். முழு வாக்கியங்களாக வந்தன; நுரையீரல் தேறியிருந்தது. கோமதி பென்சிலைக் கைப்பைக்குள் போட்டாள். எழுந்து வெளியே போனாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

டாக்டர் படிவத்தை இரண்டாக மடித்தார்.

"சார், நீங்க படிச்சது பொய்யில்ல. அர்ஜினின் ரெண்டு வழியா பிரியுது, ஆஸ்துமால அதுல கோளாறு வருது, எல்லாம் உண்மை. இன்னும் ஆராய்ச்சி நடக்குது. ஆனா முக்கொம்புல தண்ணி எந்தப் பக்கம் போகணும்னு யாரு முடிவு பண்றா?"

"ஷட்டர்."

"அந்த ஷட்டர் இப்ப வீக்கத்தோட கையில இருக்கு. வீக்கம் இருக்கறப்போ குழாய்ச் சுவர்ல இன்னொரு நொதி முழிச்சுக்கும். அது நைட்ரிக் ஆக்சைடைத் தேவைக்கு மேல கொட்டும். குழாயைத் தளர்த்தற அளவு வேற, இது வேற. இது உள்ள நெருப்பு இருக்குன்னு காட்டற புகை. நான் மெஷின்ல அளந்தது அந்தப் புகையைத்தான். ஷட்டரை வீக்கத்துக்கிட்ட இருந்து பிடுங்கறதுதான் இன்ஹேலர். நீங்க ஷட்டர்காரரை வீட்டுக்கு அனுப்பிட்டு, மேல தண்ணியத் திறந்து விட்டிருக்கீங்க."

"அப்ப அந்தப் பொடி?"

"அதுவே அந்த நம்பரைக் கொஞ்சம் ஏத்திக் காட்டியிருக்கலாம். அதையும் நம்பி நான் ஊசிக்கு எழுதிட்டேன்." மடித்த படிவத்தைப் பாக்கெட்டில் வைத்தார். "நம்பர் பொய் சொல்லாதுன்னு நினைச்சுட்டேன் சார்."

நூலகச் சாவியை செல்வத்திடம் கொடுத்து டப்பாவை எடுத்துவரச் சொன்னார்கள். அதில் வேறு என்ன கலந்திருக்கிறது என்று டாக்டர் பார்க்க வேண்டுமாம். ஒரு மணி நேரத்தில் வந்தான். கட்டிலில் வைத்துவிட்டு, டப்பாவில் இருந்த ஆளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இந்தாளு மாதிரி ஆகணும்னா எங்கிட்ட சொல்லியிருக்கலாமே மாமா. பட்டறைக்கு வந்து ரெண்டு நாள் இரும்பு தூக்கினாப் போதும்."

சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. "அக்கா கீழ மெடிக்கல்கிட்ட நிக்குது. அழுவுதுன்னு நினைச்சு கிட்டப் போனேன். 'சாம்பிராணி இல்லடா'ன்னு சொல்லுது. அதையே சொல்லுது."

மாலையில் வந்தாள். ஃபைலைத் திருப்பி, பின்பக்கத்துப் பட்டியலை ரப்பரால் அழித்தாள். கஞ்சியை ஆற்றிக் கொடுத்தாள். மிளகு ரசம் கொடுத்தாள். போர்வையை இழுத்துவிட்டாள். ஒரு சொல் பேசவில்லை. மருத்துவமனையில் எனக்குப் போட்ட ஊசிகளில் மணிக்கட்டு ஊசிதான் கொடியது என்று மேலே எழுதியிருந்தால் அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஏழாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். டாக்டர் கடைசியாக நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டார். அப்போதுதான் கோமதி வாயைத் திறந்தாள்.

"டாக்டர், இப்ப இவரைத் திட்டலாமா? மூச்சு தாங்குமா?"

டாக்டர் நசீமா சிரிக்காமல் என் விரலில் கிளிப்பை மாட்டி, எண்ணைப் பார்த்தார்.

"தொண்ணூத்தேழு. தாராளமா."

கோமதி என்னைப் பார்த்தாள். மூன்று நாளாகச் சேர்த்து வைத்தது எல்லாம் வரப்போகிறது என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "செருப்பைப் போடுங்க" என்றாள். அவ்வளவுதான்.

இப்போது அரக்கு நிறத்தை முன்னறையில் நின்று எடுக்கிறேன். கோமதி முதுகுப் பக்கத்து எண்ணைப் பார்ப்பதே இல்லை. என் வாயைப் பார்க்கிறாள். மருந்தை இழுத்துப் பத்து எண்ணும்வரை மூச்சைப் பிடிக்க வேண்டும். ஆசிரியர் முன்னால் மனக்கணக்குச் சொல்லும் மாணவன் மாதிரி நிற்கிறேன். ஒரு மாதம் கழித்து ஊதிய சோதனையில் நைட்ரிக் ஆக்சைடு பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. டாக்டர் என் ஃபைலில் மருந்துக்குக் கட்டுப்படாத வகை என்று எழுதியிருந்ததைக் கோடு போட்டு அடித்தார். மேலே என்ன எழுதினார் என்று எட்டிப் பார்த்தேன். 'மருந்து எடுக்காத வகை' என்று இருந்தது.

இதையெல்லாம் எழுதலாமா என்று கோமதியிடம் கேட்டேன். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"எழுதுங்க. நாலு பேருக்கு உதவட்டும். ஆனா கடைசியில பொண்டாட்டி மன்னிச்சுட்டான்னு மட்டும் போட்டுராதீங்க. நான் இன்னும் முடிவு பண்ணல."

போடவில்லை.